புத்தாண்டுக் கோஸ்

வீட்டுக்கு வந்து ஆறு மணி நேரம் கழித்துத்தான் அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தேன்.

முதலில் ஹீட்டருக்குப் பின்னால் தேடினேன். ஒரு எலி செத்துக் கிடந்தது. தரையோடு ஒட்டியிருந்தது. பழைய செய்தித்தாளால் சுரண்டி எடுத்து, ஓடைக்கரைப் புதரில் எறிந்துவிட்டு வந்து கையை இரண்டு முறை கழுவினேன். நாற்றம் போகவில்லை. பாத்திரம் துடைக்கும் துணியை எடுத்து முகர்ந்தேன், அதுவும் நாறியது. அதைக் கொதிநீரில் போட்டேன். ஃப்ரிட்ஜில் பால் திரிந்து, குலுக்கினால் கட்டியாக ஆடியது. கொட்டினேன். அப்புறமும் நாற்றம் இருந்தது. கடைசியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த காபி டப்பாவின் மூடியைத் திறந்தேன்.

பேக்கன் பொரித்தபின் சட்டியில் மிஞ்சும் பன்றிக்கொழுப்பை ஊற்றி வைக்கும் டப்பா. எங்கள் மலைப் பக்கம் அது இல்லாத அடுப்பு கிடையாது. முட்டை பொரிக்க, பீன்ஸ் வேகவைக்க, கோஸ் வறுக்க எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் ஒரு கரண்டி. டப்பாவை யாரும் கழுவ மாட்டார்கள். பழையதன் மேலேயே புதியதை ஊற்றுவார்கள். வாடை மாறினால் மட்டும் நாய்க்குக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவார்கள்.

இதில் வாடை மாறிப் பல மாதம் ஆகியிருக்க வேண்டும். பழைய பெயின்ட், மெழுகுப் பென்சில், மழையில் நனைந்த அட்டைப்பெட்டி எல்லாம் சேர்ந்த மாதிரி ஒரு காறல். மேலே மஞ்சள் ஏடு. அதில் கருகிய துணுக்குகள். நடுவில் அம்மாவின் கரண்டி தோண்டிய குழி, புத்தம் புதிது. நான் வேதியியல் படித்தவள். கொழுப்பு காறத் தொடங்கினால் மேலே ஊற்றும் நல்ல கொழுப்பையும் அது கெடுத்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் படிப்பு எதுவும் நினைவுக்கு வரவில்லை. அன்று காலை அம்மா எனக்குப் பொரித்துக் கொடுத்த முட்டைதான் நினைவுக்கு வந்தது. கார் ஓட்டி வந்த களைப்பில், ஜலதோஷ மருந்து போட்டுக்கொண்டு, அடைத்த மூக்கோடு அதைச் சாப்பிட்டிருந்தேன்; மூக்கு திறந்தது மதியத்துக்கு மேல்தான்.

அம்மா உள்ளே வந்தாள். அவளுக்கு முன்னால் அவளுடைய சென்ட் வந்தது. முன்பெல்லாம் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைப்பாள். இப்போது அதிலேயே குளித்திருந்தாள் என்றே சொல்லலாம்.

"என்னடி டப்பாவுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நிக்கறே?"

"இதைக் கொட்டிடலாமாம்மா?"

"ஏன்?"

"ஒரு மாதிரி வாடை வருது."

அம்மா என்னைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். குனிந்து மூச்சை இழுத்தாள். "பேக்கன்னா பேக்கன் வாடைதான் வரும். ரோஜாப்பூ வாடையா வரும்? நாளைக்குக் கோஸ் வறுக்கணும். அதைத் தொடாதே."

"கடையில புதுசா வாங்கிட்டு வரேன்."

"காசு குடுத்துக் கொழுப்பு வாங்கற அளவுக்கு உங்கம்மா வெர்லீன் இன்னும் சீரழியல." மூடியைப் பிடுங்கி அழுத்தி மூடினாள். "பட்டணத்துக்குப் போனதும் மூக்கு நீண்டுபோச்சு உனக்கு."

நான் டப்பாவை விட்டு நகர்ந்தேன். நான் எப்போதும் அப்படித்தான். சொல்ல வேண்டியது தொண்டை வரை வரும். எதிராளி முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடும்.

ஆனால் இந்த முறை அப்படி விட முடியாத ஒரு காரணம் இருந்தது. வடக்கே டுலூத்தில் ஏரித் தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. நான்கு நாளில் சேர வேண்டும். காரில் இரண்டு நாள் தூரம். இதுவரை லெக்சிங்டனில் இருந்தேன். அவசரம் என்றால் மதியத்துக்குள் வந்துவிடலாம். இனி அது நடக்காது. அப்பா போய் மூன்று வருடமாகிறது. அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள், தனியாக இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள் என்று நம்பித்தான் அந்த வேலைக்குச் சம்மதித்தேன். ஜூலையில் இரண்டு நாள் வந்தபோது சாப்பாடு, தூக்கம் எல்லாம் அத்தை வீட்டில். அதனால் எனக்கு எதுவும் தெரியவில்லை.

என் அம்மா சுத்தத்துக்குப் பேர் போனவள். தரையில் சிந்திய தண்ணீர் காயுமுன் துடைப்பாள். அவள் வீட்டில் எலி நாறிக் கிடக்கிறது. ஒருத்தி வாழ்க்கையை விட்டுவிட்டால் வீடு இப்படித்தான் ஆகும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தபோது எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை. அருவருப்புதான் வந்தது. அவள் கொடுத்த காபிக் கோப்பையின் விளிம்பை, அவள் பார்க்காதபோது, சட்டை நுனியால் துடைத்தேன்.

புத்தாண்டுக் காலையில் அம்மா கோஸ் வறுக்கத் தொடங்கினாள். வருடப் பிறப்பன்று கோஸும் காராமணியும் சாப்பிடாத வீடு எங்கள் பக்கம் இல்லை. தேவாலயத்தில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். காராமணி யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம். கோஸ் மட்டும் இருபது வருடமாக வெர்லீனுடையது.

பெரிய வார்ப்பிரும்புச் சட்டியில் பேக்கனை முறுகவிட்டு எடுத்து வைத்தாள். அந்தக் கொழுப்பு போதாது என்று டப்பாவிலிருந்து மூன்று கரண்டி அள்ளிப் போட்டாள். அது உருகியதும் சமையலறை முழுக்கப் பெயின்ட் கடை வாடை அடித்தது. நான் ஜன்னலைத் திறந்தேன்.

"சாத்துடி, குளிருது."

வெங்காயம் போட்டாள். அது நிறம் மாறியதும் கோஸ். அம்மா கோஸைக் கத்தியால் சீவ மாட்டாள். இலை இலையாக உரித்துக் கையால் கிழிப்பாள். உப்பு, மிளகுத் தூள், ஒரு சிட்டிகை சர்க்கரை. மூடி போட்டுச் சுருங்கவிட்டு, மூடியை எடுத்து ஓரம் சிவக்கவிடுவாள். இந்த முறை மிளகுத் தூளைக் கொட்டினாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவ்வப்போது குனிந்து காதைச் சட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். சடசடப்பு குறைந்ததும் சரியாகத் திருப்பிவிட்டாள். பார்க்க மிக அழகாக வந்தது. ஓரமெல்லாம் பொன்னிறம், நடுவில் வெளிர்ப்பச்சை. அதுதான் கொடுமை. என் கண்ணுக்குப் பசித்தது, மூக்கு வேண்டாம் என்றது.

நான் குளியலறையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வேறொரு நாற்றம் வந்தது. வாயில் நுரையோடு ஓடினேன்.

அடுப்பில் ஒரு பர்னர் எரியாமலே சீறிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் எதிரே அம்மா நின்றுகொண்டிருந்தாள். ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி இரண்டாவது கோஸை உரித்துக்கொண்டிருந்தாள். கோஸ் சட்டி இருந்த அடுத்த பர்னரில் தீ எரிந்துகொண்டிருந்தது. நான் எட்டி இரண்டையும் அணைத்துக் கதவைத் திறந்தேன்.

"அம்மா! கேஸ்!"

அவள் முகம் வெளுத்தது. கையிலிருந்த இலை கீழே விழுந்தது. ஆனால் ஒரு நொடிதான். "காத்துல அணைஞ்சிருக்கும். நீதான் ஜன்னலைத் திறந்து வெச்சே."

"மூக்குக்கு நேரா வருதேம்மா!"

"கோஸ் வாடைன்னு நெனைச்சேன்டி. கோஸ் வெந்தா கேஸ் மாதிரிதானே நாறும்? போ, வாயைக் கழுவு. பேய் மாதிரி நிக்கறே."

அதில் உண்மை இருந்தது. இரண்டிலும் நாறுவது கந்தகம். எனக்குத் தெரிந்த வேதியியலே அவளுக்குச் சாட்சி சொன்னது. நான் போய் வாயைக் கழுவினேன். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு முடிவு செய்தேன். டுலூத்துக்குப் போகப் போவதில்லை. சாப்பாடு முடிந்ததும் போன் செய்து சொல்லிவிட வேண்டும். இந்த வீட்டுக்கே திரும்பி வந்து, இந்த டப்பாவையும் துணியையும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். எனக்கு அழுகை வரவில்லை. கசப்பாக இருந்தது. பற்பசையின் கசப்பு இல்லை.

தேவாலயக் கூடத்தில் நீள மேசை போட்டிருந்தார்கள். முப்பது பேர் இருக்கும். அம்மா சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டுக் கோட்டைக் கழற்றப் போனாள். நெல்டா அத்தை, அப்பாவின் தங்கை, மூடியை அரை அங்குலம் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே மூடினாள்.

"கோஸும் அப்படித்தானா?" என்று என் காதருகே சொன்னாள்.

"கோஸுமா? உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"வசந்தத்துலேருந்து அண்ணி சமையல் இப்படித்தான் இருக்கு. ஈஸ்டருக்கு உருளைக்கிழங்கு சாலட் கொண்டாந்தாங்க பாரு. டெல்பர்ட் மாமா ரெண்டு நாள் பாத்ரூமை விட்டு வரல."

"யாரும் அம்மாகிட்ட சொல்லலையா?"

"சொல்ல வாய் வரணுமேடி. எங்கண்ணன் போன துக்கம்னு விட்டுட்டோம்."

அம்மா திரும்பி வந்தாள். அத்தை முகத்தை மாற்றிக்கொண்டாள். "என்னமா வறுத்திருக்கீங்க அண்ணி! பார்த்தாலே எச்சில் ஊறுது."

ஜெபம் முடிந்தது. அம்மாவே எல்லோருக்கும் பரிமாறினாள். பரிமாறும்போது வருடா வருடம் சொல்வதைச் சொன்னாள்: "காசு உள்ள இருக்கு. பல்லு பத்திரம்."

பத்து சென்ட் காசு ஒன்றை வெந்நீரில் கழுவிக் கோஸுக்குள் ஒளித்து வைப்பது வழக்கம். யார் தட்டில் அது வருகிறதோ அவர்களுக்கு அந்த வருடம் குறை இருக்காது. எங்கள் சபையில் அதோடு இன்னொன்றும் உண்டு. காசு கிடைக்கும்வரை ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது, ஆப்பிள் அடுக்கு கேக்கை வெட்டக் கூடாது. சட்டி காலியாகும்வரை மறுபடி மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். மற்ற வருடங்களில் அதற்காகச் சண்டை நடக்கும்.

நான் ஒரு வாய் வைத்தேன். முதலில் மிளகின் காரம். அடுத்து பேக்கனின் உப்பு. பிறகு அது வந்தது, நாக்கின் அடியிலிருந்து மேலே ஏறி மூக்கின் பின்புறத்தில் உட்கார்ந்தது. கொழுப்பு உதட்டில் மெழுகாகப் படிந்தது. விழுங்கினேன். தண்ணீர் குடித்தேன். தண்ணீரும் பெயின்ட் ஆனது.

சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் மெல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். அத்தை தன் பங்கைச் சோள ரொட்டிக்கு அடியில் புதைத்தாள். போதகர் ஹார்லிஸ் ஒரு வாய்க்கு ஒரு டம்ளர் மோர் என்று குடித்தார். மோர் அவர் மீசையில் வழிந்தது. அம்மாவின் தம்பி டெல்பர்ட் மாமா கைக்குட்டையில் துப்பி, அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சற்று நேரத்தில் பை எண்ணெயில் நனைந்து ஈரவட்டம் தெரிந்தது. அந்த வட்டத்தை என்னால் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

"எப்படி இருக்கு?" என்றாள் அம்மா.

"சகோதரி வெர்லீன்," என்றார் போதகர், கண்ணில் நீரோடு, "கர்த்தர் உங்க கையை ஆசீர்வதிச்சிருக்கார்."

"அக்கா கையில கோஸ்கூடக் கறியா மாறிடுது," என்றார் மாமா.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ டெல்பர்ட்."

"போடுங்க, போடுங்க."

கொழுப்பைவிட இந்தப் பேச்சுதான் எனக்கு அதிகம் குமட்டியது. முப்பது பேர் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிறார்கள். அவள் அதைக் கேட்டு முகம் மலர்கிறாள். இந்த ஒரு நாளைக்காகத்தான் அவள் வருடம் முழுக்கக் காத்திருப்பாள். பல மாதமாக இந்தப் பொய்யைத்தான் அவளுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள். நானும் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது சுற்று முடிந்தது. காசு வரவில்லை. சட்டியில் இன்னும் பாதி இருந்தது. கோஸ் ஆறத் தொடங்கியது. கொழுப்பு வெள்ளையாக உறைந்து இலைகளின் மேல் பூத்தது. முள்கரண்டிகள் தட்டுகளைக் கிளறும் சத்தம் மட்டும் கேட்டது. யாரும் சாப்பிடவில்லை, தேடிக்கொண்டிருந்தார்கள். மேசைக் கோடியில் ஒரு குழந்தை கேக் கேட்டு அழுதது. அதன் அம்மா அதன் வாயைப் பொத்தினாள்.

அம்மா மூன்றாவது சுற்றுக்குக் கரண்டியை எடுத்தாள்.

"கெடைச்சிருச்சு!" என்று டெல்பர்ட் மாமா கத்தினார். கையில் காசு மின்னியது.

அதே நேரம் மேசையின் மறுபக்கத்தில் போதகர் துவாலையை வாயிலிருந்து எடுத்து, "ஸ்தோத்திரம், இதோ!" என்றார். அவர் கையிலும் ஒரு காசு.

எல்லோரும் அவரையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பார்க்காமல் இருந்தது நெல்டா அத்தை ஒருத்திதான். ரொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தவள் நிமிராமலே, "அட, என் தட்டுலயா இருக்கு!" என்றாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

மூன்று காசுகளிலும் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை.

"கோஸுக்குள்ள குட்டி போட்டிருக்கும்போல அக்கா," என்றார் மாமா. ஒருவரும் சிரிக்கவில்லை.

அம்மா சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். கரண்டியால் அடிவரை அலசினாள். பளபளப்பு போய், கொழுப்பில் ஊறிய காசு ஒன்றை எடுத்து மேசை விரிப்பின் மேல் வைத்தாள். அதைச் சுற்றி எண்ணெய் பரவியது.

"நான் ஒண்ணுதான் போட்டேன்," என்றாள்.

அப்புறம், "நீங்களுமா பாஸ்டர்?" என்றாள்.

போதகரின் காது சிவந்தது. "கேக் ஆறிடுமேன்னு, சகோதரி…"

"அடுக்கு கேக்கை மூணு நாள் ஆறவெச்சுத்தான் வெட்டுவோம்." அவள் ஒவ்வொருவர் தட்டாகப் பார்த்தாள். அத்தையின் ரொட்டியை முள்கரண்டியால் தூக்கினாள். அடியிலிருந்த கோஸைப் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்ப வைத்தாள். "என்ன குறைன்னு யாராவது சொல்லுங்க. திட்ட மாட்டேன்."

எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள்.

"நெல்டா?"

"ஒண்ணுமில்ல அண்ணி. மிளகு கொஞ்சம் தூக்கலா…"

"கொழுப்பு காறிப் போச்சும்மா," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. நிறுத்த நினைத்தேன், முடியவில்லை. "வாயில வைக்க முடியல. பெயின்ட் நாத்தம் அடிக்குது. டப்பா பூரா அப்படித்தான். துணி நாறுது. பால் திரிஞ்சு கெடக்கு. ஹீட்டருக்குப் பின்னாடி எலி செத்துக் கெடந்துது. காலைல கேஸ் வேற. உன்னை இப்படி விட்டுட்டு நான் எங்கயும் போகல. அந்த வேலை வேணாம்னு சொல்லிடப் போறேன்."

எலியைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அப்போதுதான் தோன்றியது.

"எலியா?" என்றாள் அம்மா.

"ஆமா."

"செத்து எத்தனை நாள் இருக்கும்?"

"ரெண்டு வாரமாவது இருக்கும்மா."

அவள் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. தன் சட்டைக் காலரைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோகத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். "உங்கம்மா அழுக்குப் பிடிச்சவளாயிட்டான்னு நெனைச்சுட்டே. இல்ல?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த மேசையில் எல்லோரும் சொன்ன பொய்களோடு அதுவும் ஒன்றாகப் போயிருக்கும்.

அவள் உட்கார்ந்தாள். சட்டியிலிருந்து ஒரு கரண்டி கோஸை எடுத்து, உறைந்த கொழுப்போடு, வாயில் வைத்தாள். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவசரமில்லாமல் மென்றாள். முகம் சுளிக்கவில்லை. விழுங்கிவிட்டு இன்னொரு வாய் எடுத்தாள்.

"அண்ணி, வேணாம்," என்றாள் அத்தை.

"உப்பு தெரியுது," என்றாள் அம்மா என்னைப் பார்த்து. "காரம் தெரியுது. அதனாலதான் மிளகைக் கூடப் போட்டேன், அதாவது தெரியட்டும்னு. டாக்டர் ஆறு மாசத்துல சரியாயிடும்னார். ஆகல. சொன்னா நீ வேலைக்குப் போகமாட்டேன்னு தெரியும். அதான் சொல்லல." கரண்டியைக் கீழே வைத்தாள். "போன பிப்ரவரி காய்ச்சல்லேருந்து எனக்கு எந்த வாசனையும் தெரியலடி."